அமுங்கிப்போன கூம்புகள்

தூத்துக்குடி மக்ரூனுக்கு மூன்றே பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு. மைதா கிடையாது, வெண்ணெய் கிடையாது. இவ்வளவு சிறிய பட்டியலில் தவறு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. அதனால்தான் நன்றாக வந்த மக்ரூனைவிடக் கெட்டுப்போனதைப் பார்க்க விரும்பி, ஒரு கார்த்திகை மாதம் அந்த ஊருக்குப் போனேன்.

விறகு அடுப்பு வைத்திருக்கும் சிறிய பேக்கரி அது. மாஸ்டரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைக்கிறார்கள். நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "நல்ல சரக்கு முன்னால கடையில இருக்கு. அத யாரும் பாக்கலாம். நீங்க இங்க வாங்க" என்று ஒதுக்கி வைத்திருந்த தட்டுகளிடம் கூட்டிப்போனார்.

முதல் தட்டில் கூம்பு வடிவ மக்ரூன்கள் நுனி மழுங்கி, அடைபோல் பரவியிருந்தன. வேலை பழகும் பையன் முந்திரியை அளவுக்கு மீறி அரைத்துவிட்டானாம். முந்திரியில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கொழுப்பு இருக்கிறது. நைசாக அரைத்தால் எண்ணெய் கசிந்துவிடும். அடித்த வெள்ளைக்கருவில் காற்றைப் பிடித்து வைத்திருப்பது மெல்லிய புரதச் சவ்வு. எண்ணெய் பட்டால் அது அறுந்து நுரை அமுங்கிவிடும். மஞ்சள் கரு ஒரு சொட்டு விழுந்தாலும் இதே கதிதான். ஆகவே ஒவ்வொரு முட்டையையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்து, வெள்ளையை விரலிடுக்கில் வழியவிட்டுப் பிரிக்கிறார்கள். அண்ணாச்சிக்குப் புரதமோ சவ்வோ தெரிய வேண்டியதில்லை. அரைத்த பருப்பை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து விரித்தார், உதிர்ந்தது. பையன் அரைத்ததைப் பிடித்தார், உருண்டையாக நின்றது. "பாத்தியளா? புடிச்சா நிக்கக் கூடாது." செய்முறைகள் 'கொரகொரப்பாக அரைக்கவும்' என்று முடித்துவிடும் இடம் இது. எந்த எல்லையில் கொரகொரப்பு கெடுகிறது என்பதை அந்த அமுங்கிய தட்டு மட்டுமே காட்டுகிறது.

அடுத்த தட்டில் நிறம் பழுத்து, அடியில் தேன்போலப் பாகு கசிந்திருந்தது. அது சூட்டின் பிழை. வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அடுப்பு கடுமையாக இருந்தால் புரதம் அவசரமாக இறுகி, சீனி கரைந்த தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. மக்ரூனை வேகவைப்பதில்லை, உலர்த்துகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். பகலில் ரொட்டியும் பன்னும் வெந்து முடிந்து, தணிந்த சூட்டில்தான் இந்தத் தட்டுகள் உள்ளே போகின்றன. காலைவரை அங்கேயே இருக்கும்.

போர்த்துக்கீசியர் காலத்தில் முத்துக்குளித்துறைக்கு வந்த பண்டம் என்று ஊரில் சொல்வார்கள். ஐரோப்பிய மக்ரூனுக்குப் பாதாம், இங்கே முந்திரி. முந்திரி மரமும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான். பாதாமுக்கு வாய்த்த அளவு முந்திரிக்கும் முதல் தடவையே வாய்த்திருக்கும் என்று நான் நம்பவில்லை. எத்தனையோ தட்டுகள் அமுங்கித்தான் இந்தக் கூம்பு நிமிர்ந்திருக்க வேண்டும். அவற்றைச் சுட்டவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பொட்டலம் போடும் இடத்தில் நான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். காகிதக் கூம்பு சுற்றி மக்ரூன் நிரப்பும் பெண்களில் மூத்தவரை அக்கா என்று அழைத்தேன். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிந்த குவியலிலிருந்து அவர் கை சிலவற்றை மட்டும் தள்ளிக்கொண்டே இருந்தது. "ஈரம் நின்னா கனக்கும் தம்பி. கையிலயே தெரியும்." தள்ளியதில் ஒன்றை உடைத்துக் காட்டினார். வெளியே மொறுமொறுப்பு, நடுவில் பிசுபிசுப்பு. அன்று எத்தனை தள்ளினார் என்பதை மாலையில் அண்ணாச்சியிடம் சொல்வார்; அதைக் கேட்டுத்தான் இரவு அடுப்பின் சூடு தீர்மானமாகிறது. மக்ரூனைப் பற்றி எழுதுபவர்கள் அடுப்படியோடு நின்றுவிடுகிறார்கள். பிழையை முதலில் அறிகிற கை இந்த அக்காவின் கை. மாஸ்டருக்குரிய மரியாதையும் அதற்கேற்ற கூலியும் அவருக்கும் உண்டு என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். காற்றில் ஈரம் ஏறுவதால் மக்ரூனும் சீக்கிரம் நமுத்துப்போகும். சித்திரையில் சரியாக வந்த அதே அளவும் அதே நேரமும் கார்த்திகையில் பொய்த்துப்போகும். "ஒரே கணக்கு வருசம் பூரா ஓடாது" என்றார் அண்ணாச்சி. முழுமையான செய்முறை என்று ஒன்றைத் தேடிப் போகிறவர்கள் இந்தக் காற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கெட்ட தட்டுக்கு யார் பணம்? கேட்டேன். உடைந்ததைத் தூளாக்கிக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். மீதி நட்டம் முதலாளிக்கு. பையன் கூலியில் பிடிப்பதில்லை. முட்டை விலையும் முந்திரி விலையும் ஏறிக்கிடக்கும்போது இது சிறிய காரியமல்ல. கூலியில் பிடித்தால் பையன் தட்டை ஒளிப்பான். ஒளித்துவிட்டால் அண்ணாச்சி அவனுக்கு எதைக் காட்டிச் சொல்லித்தருவார்?

கடைசியாக ஒரு டப்பாவைத் திறந்தார். கபில நிறத்தில் சப்பையான வில்லைகள். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்ட மக்ரூன்! உடன்குடிக் கருப்பட்டி பக்கத்திலேயே கிடைக்கும்போது ஏன் கூடாது என்று பல காலமாக முயல்கிறார். வாயில் போட்டேன், மணம் அருமை, பல்லில் ஒட்டியது. வெள்ளைச் சீனியைவிடக் கருப்பட்டியில் ஈரம் கூடுதல். காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். சீக்கிரம் கருகவும் செய்யும். தட்டி அப்படியே சேர்த்தார், நுரை அமுங்கியது. பாகு காய்ச்சி ஊற்றினார், கூம்பு நின்று மறுநாள் இளகியது. அடுப்பின் பின்சூட்டில் காயவைத்துப் பொடித்துப் பாதிக்குப் பாதி சீனியோடு கலந்ததுதான் நான் தின்றது.

"பங்குனில புதுக் கருப்பட்டி வரும், காத்தும் காஞ்சிருக்கும். மூணுல ஒரு பங்கு போட்டுப் பாக்கணும்" என்றார். பையன் அந்தக் கணக்கைச் சுவரில் கரியால் எழுதிக்கொண்டிருந்தான். அதற்கு மேலே பழைய கணக்குகள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் அவர்கள் அழிக்கவில்லை.