லூஸ்

போன மாதம் நடந்த ஆங்கிலத் தேர்வில் 'நான் அடிக்கடி பேனாவைத் தொலைத்துவிடுவேன்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி ஒரு கேள்வி. 'தொலை' என்பதற்கு ஒரு 'ஓ' போட வேண்டிய இடத்தில் நான் ரெண்டு 'ஓ' போட்டுவிட்டேன். பேனாவை லூசாக்கி விடுவேன் என்று அர்த்தம் வந்துவிட்டது! டீச்சர் சிவப்பு மையில் சுழித்து வகுப்புக்கே விளக்கினார்கள். அதிலிருந்து ஒரு வாரம் எனக்குப் பெயர் 'லூசு'.

ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில்தான் நூலகத்தில் அகராதியை எடுத்துப் பார்த்தேன். தொலைப்பதைச் சொல்லும்போது கடைசியில் 'ஸ்' இல்லையாம், தேனீ மாதிரி ரீங்காரம் வர வேண்டுமாம். தமிழில் ரெண்டையும் 'லூஸ்' என்றுதான் எழுத முடியும், பிறகு குழம்பாமல் என்ன செய்யும்? 'வாத்து' என்ற சொல்லுக்கும் 'தேர்ந்தெடு' என்ற சொல்லுக்கும் ஆங்கிலத்தில் ரெண்டு 'ஓ'தான். ஆனால் ஒன்று 'ஸ்' என்று முடிகிறது, இன்னொன்று ரீங்காரமாக முடிகிறது. ஆகவே தப்பு என்னுடையது மட்டும் இல்லை!

அர்த்தங்களும் ஏகப்பட்டது. கட்டாதது, பொட்டலம் போடாதது, பிடிக்காமல் தொளதொளன்னு இருப்பது எல்லாமே அந்த ஒரே சொல்தான். நாம் உதிரிப்பூ, சில்லறைக்காசு, தொய்ந்த கயிறு, அவிழ்ந்த முடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். இருந்தாலும் கடையில் போய் 'எண்ணெய் லூஸ்ல இருக்குங்களா' என்றுதான் கேட்கிறோம். (வயிற்றுப்போக்குக்குச் சொல்வதை இங்கே எழுத மாட்டேன். பையன்கள் சிரிப்பார்கள்.)

நம்ம ஊரில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பனியன்கூட வெளியே போகாது. எங்க அப்பா நிட்டிங் மிஷின் ஓட்டுகிறார். பனியன் துணி முழுவதும் சின்னச் சின்ன வளையம்தான். வளையம் பெரிசானால் துணி லூஸ், எடை குறையும், துவைத்தால் அதிகமாகச் சுருங்கும். அதைக் கண்டுபிடிக்க வட்டமாக வெட்டும் ஒரு கட்டர் உண்டு. அது வெட்டும் துண்டு சரியாக 100 சதுர சென்டிமீட்டர். அதன் எடை 1.6 கிராம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம். கணக்கு டீச்சர் சரிபார்த்துக் கொள்ளலாம்.

தையலைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது என் சித்தி. "நூல் லூசானா தையலை இழுக்கறப்போ பல்லிளிக்கும் கண்ணு. ரொம்ப டைட்டானா தலைவழியா போடறப்போ படக்குனு அந்துரும். பனியன் இழுபடற துணி, தையலும் அதுகூடவே இழுபடோணும்." சித்தி பவர்டேபிள் டெய்லராக இருந்தது. ஒண்ணரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்தும் சிரித்துக்கொண்டே பேசும். மூணு வருஷம் முன்னால் உடம்புக்கு முடியாமல் போனது. உடம்புக்கு என்றுதான் வீட்டில் சொல்கிறோம். உண்மையில் மனசுக்கு. தானாகப் பேசும், கேட்டதையே கேட்கும். இப்போது மாத்திரை சாப்பிடுகிறது, வீட்டிலேயே உட்கார்ந்து பிசிர் வெட்டிக் கொடுக்கிறது. எங்க லைன் வீட்டில் எல்லோரும் அதுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்த வருஷம் பள்ளி திறந்த புதிதில் என் தோழிகள் மூணு பேர் நோட்டு வாங்க எங்க வீட்டுக்கு வந்தார்கள். சித்தி தலையை விரித்துப் போட்டபடி வெளியே வந்து, "சாப்புட்டீங்களா சாமி" என்று நாலு தடவை கேட்டது. "யாருடி அந்த லூசு?" என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "பக்கத்து வீட்டுக்காரங்க" என்று சொன்னேன். சித்தி கதவுக்கிட்டேயேதான் நின்றிருந்தது. காதில் விழாமல் இருந்திருக்காது.

அன்று ராத்திரி என் புது யூனிபார்மை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது. பத்தாவது வரைக்கும் வரட்டும் என்று அம்மா அளவு பெரிசாக எடுத்திருந்தார்கள், தோளில் நிற்கவே நிற்காது. சித்தி ரெண்டு பக்கமும் பிடித்துத் தைத்தது. மிஷினில் உட்கார்ந்தால் அதன் கை இன்னமும் கொஞ்சம்கூட நடுங்குவதில்லை. மிச்சத் துணியை வெட்டவில்லை, உள்ளே மடித்து விட்டது. "வளருவ. அப்போ பிரிச்சு விட்டுக்கலாம்" என்றது. எனக்குப் போட்டுவிட்டு, தோளைத் தொட்டுப் பார்த்து, "லூசா இருக்குதா கண்ணு?" என்று கேட்டது.

"இல்லீங்க சித்தி, சரியா இருக்குது" என்றேன். அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. தண்ணி குடிக்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு வந்த மூணு பேரும் தினமும் இந்தப் பலகையைப் படிப்பவர்கள். அவங்க பக்கத்து வீட்டுக்காரங்க இல்லை. என் சித்தி.

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி