கோல் போஸ்ட் குனிந்து கொடுக்காது

2025 ஏப்ரலில் கல்யாணியில் ஒடிசாவை 1-0 என்று வென்று கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப் பெண்கள் இந்திய மகளிர் லீக் பட்டத்தைத் தூக்கினார்கள். எங்கள் பேட்டையில் ஒரு பாராட்டுக் கூட்டம். மேடையில் ஒருவர், “வங்காளத்தில் பெண்கள் ஃபுட்பால் இன்றுதான் பிறந்திருக்கிறது” என்றார். கைதட்டலும் விழுந்தது. அப்போதுதான் கோல்கீப்பர் பயிற்சியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த எனக்குக் காதில் புகை வந்தது.

பிறந்து ஐம்பது வருஷமாயிற்று ஐயா! 1975இல் லக்னோவில் நடந்த முதல் தேசியப் போட்டியை வென்றதே வங்காளம்தான். இந்தியப் பெண்கள் அணிக்கு முதல் கோச் சுஷில் பட்டாசார்யா, ஈஸ்ட் பெங்கால் சட்டையில் ஆடி, அதே கிளப்புக்குப் பயிற்சியும் கொடுத்தவர். 1980இல் கோழிக்கோட்டில் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு இரண்டாம் இடம். 1983இல் சாந்தி மல்லிக்குக்கு அர்ஜுனா விருது. பெண் ஃபுட்பால்காரர் ஒருவருக்கு அது முதல் முறை. ஈஸ்ட் பெங்கால் தனக்கென்று பெண்கள் அணி தொடங்கியது 2001இல். நடுவில் அது காணாமல் போனது. 2020இல்தான் மறுபடி உயிர் வந்தது.

கோப்பைகளையாவது எழுதி வைக்கிறார்கள். தொழிலை யார் எழுதுகிறார்கள்?

போஸ்ட் எட்டடி உயரம், எட்டு கஜம் அகலம். ஆணுக்கும் அதேதான், பெண்ணுக்கும் அதேதான். நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். கொல்கத்தா லேக் மார்க்கெட் தமிழ் வீட்டுப் பெண். மைதானத்தில் எனக்கு ‘மாத்ராஜி மேயே’, மதராஸிப் பெண், என்றே பெயர். ஆடி மாதச் சேற்றில் நனைந்து கனத்த பந்து கார்னரிலிருந்து வளைந்து வரும். உள்ளே இருபது பேர் முட்டிக்கொண்டு நிற்பார்கள். என் கோச் முதல் சில மாதம் என்னைப் பந்தைத் தொடவே விடவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு காலை மட்டும் நகர்த்தச் சொன்னார்.

அவர் பாடம் இதுதான்: கார்னருக்கு லைனில் ஒட்டி நிற்காதே. கோலின் நடுவுக்குச் சற்றுப் பின்னால், தூரப் போஸ்ட் பக்கமாக, உடம்பைக் களத்தின் பக்கம் திறந்து நில். முன்னே பாய்வது சுலபம், பின்னே போவதுதான் கஷ்டம். போக வேண்டி வந்தால் காலை மாற்றிப் போட்டு ஓடு. பின்னோக்கியே தத்தினால் மல்லாந்து விழுவாய். ஒற்றைக் காலில் எழும்பு, மற்ற முழங்கால் உன்னைக் காக்கட்டும். ‘ஆமார்!’, என்னுடையது, என்று கத்திவிட்டாயா, பிறகு பின்வாங்காதே. பிடிக்க முடியாத நெரிசல் என்றால் இரண்டு முஷ்டியாலும் குத்து, ஓரத்துக்குக் குத்து. நடுவில் போட்டால் எதிராளிக்குப் பரிசு. உயரத்தில் விட்டதை நேரத்தில் பிடி என்பார் அவர். ஒரு பருவம் முழுக்க வேறெதுவும் சொல்லித் தரவில்லை. கோபத்தில் அழுதிருக்கிறேன். ஆனால் அதன் பிறகு உயரப் பந்து என்னைப் பயமுறுத்தியதில்லை.

இன்று ஆயிரக்கணக்கில் விலையுள்ள கிளவுஸோடு வருகிறார்கள். ரீல்ஸில் பார்த்த டைவை முதல் நாளே கேட்கிறார்கள். டைவ் என்பது கால் தவறியதற்குக் கட்டும் அபராதம். சரியான இடத்தில் நிற்பவள் நெஞ்சோடு பந்தை அணைத்துக்கொள்வாள். அதை யாரும் வீடியோ எடுக்க மாட்டார்கள்.

கோல்கீப்பர் பாந்தோய் சானுவைப் பாருங்கள், அவள் கால் எப்போதும் வேலை செய்துகொண்டே இருக்கும். சந்தோஷம்தான். ஆனால் அவள் மணிப்பூர்ப் பெண். கல்யாணி ஊர்ப் பெண் சங்கீதா பாஸ்ஃபோர் தாய்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் போட்டு இந்தியாவை 2026 ஆசியக் கோப்பைக்குக் கொண்டுபோனாள். நடுக்களத்துக்கு வங்காளம் ஆள் தருகிறது; கோலுக்கு ஏன் தருவதில்லை? சின்னக் கிளப்புகளில் ஓட முடியாதவளையோ ஒல்லியாக உயர்ந்தவளையோ போஸ்டுக்கு நடுவே நிறுத்திவிடுகிறார்கள். அவளுக்குத் தனி கோச் கிடையாது.

மேடையில் பேசுபவர்கள் அடுத்த முறை சால்வைக்குச் செலவழிக்கும் பணத்தில் பத்து வயதுப் பெண்களுக்கு ஒரு கோல்கீப்பர் கோச்சை மாதச் சம்பளத்தில் வைக்கட்டும். ஓய்வு பெற்றவர்கள் சேவையாக வந்து சொல்லித் தருவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். பஸ் காசும் கையிலிருந்து போட்டு அதைத்தான் இத்தனை காலம் செய்தோம்.