கேஸ் போடும் முன்

கார் ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை. கம்ப்ரஸர் அதை அழுத்தி அனுப்புகிறது. கண்டன்ஸரில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வைத் தாண்டியதும் கூலிங் காயிலுக்குள் கொதித்து, காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு மறுபடி கம்ப்ரஸருக்கே வந்து சேர்கிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் சிறிதளவு குறையலாம். போன கோடையில் போட்ட கேஸ் இந்தக் கோடைக்கு இல்லையென்றால், எங்கோ ஓட்டை இருக்கிறது. தருமபுரியில் என்னிடம் வருகிறவர்கள் "கூலிங் வரலைங்கண்ணா, கேஸ் போட்டுடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் வண்டியை விட்டு இறங்குகிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. எப்போது கூலிங் போகிறது? ஓடும்போது ஜில்லென்று இருந்து, பாளையம் சுங்கச்சாவடி வரிசையில் நின்றதும் அனலடிக்கிறது என்றால் கண்டன்ஸர் ஃபேனைப் பார்க்க வேண்டும். ஓடுகிற வண்டியில் எதிர்க்காற்றே கண்டன்ஸரை ஆற்றிவிடும். நிற்கிற வண்டியில் ஃபேன்தான் ஆற்ற வேண்டும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் மேட்டில் மட்டும் நின்றுபோகிறது என்றால் சங்கதி வேறு. ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போதும், இன்ஜின் சூடு எல்லை மீறும்போதும், பல கார்களில் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரை நிறுத்திவிடும். அங்கே ரேடியேட்டரையும் கூலன்ட்டையும் கவனிக்க வேண்டும். வெகுதூரம் நன்றாக வந்து, பிறகு காற்றின் வேகமே குறைந்து, கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் சரியாகிறதா? கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. தெர்மிஸ்டரையும் கேபின் ஃபில்டரையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எதற்கும் கேஸ் மருந்தில்லை.

பிறகுதான் கண்ணுக்கும் கைக்கும் வேலை. ஏசியைப் போட்டதும் மேக்னட் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிறதா? பிடிக்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச், எலி கடித்த ஒயர் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். பிடித்தால், கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் தடித்த பைப் குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். வெளியே போகும் பைப் கை வைக்க முடியாதபடி சுட வேண்டும்.

கேஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதோடு கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தே சுற்றுகிறது. கசிகிற இடத்தில் ஆயிலும் கொஞ்சம் வெளியே வந்து, சாலைப் புழுதி அதில் ஒட்டி, கறுப்பாக ஒரு பிசுக்குத் திட்டு தெரியும். லாரி டயர் தெறிக்கிற கல் படும் கண்டன்ஸரின் முன்பக்கம், பைப் சேரும் ஒவ்வொரு மூட்டு, கம்ப்ரஸரின் மூக்கு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துத் தேட வேண்டும். சந்தேகம் வந்த இடத்தில், நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவினால் ஓட்டை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பல நேரம் அது ஒரு நைந்துபோன ஓ-ரிங்தான்.

கேஜ் மாட்டும்போது ஒன்றை மனதில் வைக்க வேண்டும். 35 டிகிரி வெயிலில் ஏசி ஓடாமல் நிற்கும் காரில், ஆர்-134ஏ கேஸ் இரண்டு முள்ளிலும் சுமார் 115 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே திரவம் கொஞ்சம் இருந்தாலே அந்த அளவு வந்துவிடும். பாதி கேஸ் போயிருந்தாலும் முள் அசையாது. ஓடவிட்டுத்தான் படிக்க வேண்டும். இரண்டு பக்கமும் இறங்கினால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறினால் அடைபட்ட கண்டன்ஸர், ஓடாத ஃபேன் அல்லது அளவுக்கு மீறிய கேஸ். லோ சைடு ஏறி ஹை சைடு இறங்கினால் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம். லோ சைடு வாக்குவத்துக்கே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு.

ஓட்டையை அடைத்த பிறகு அரை மணி நேரமாவது வாக்குவம் போட வேண்டும். உள்ளே தங்கும் ஈரம் வால்வில் ஐஸாகி அடைக்கும், நாளடைவில் உலோகத்தையும் அரிக்கும். பம்பை நிறுத்தியபின் முள் அதே இடத்தில் நிற்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பானெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்டிக்கரே சொல்லும்; அதற்கு மேல் ஏற்றினாலும் கூலிங் குறையும்.

இந்த அக்கறை வண்டியோடு முடிவதில்லை. பழைய ஆர்-12 ஓசோனை அரித்ததால், 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தம் அதற்கு முடிவு கட்டியது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் 100 ஆண்டுக் கணக்கில் அதில் ஒரு கிலோ, கார்பன் டை ஆக்சைடு ஆயிரம் கிலோவுக்கும் மேலாகப் பூமியைச் சூடேற்றும். 2016-இல் கிகாலியில் இந்த வகை கேஸ்களையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் ஒப்புக்கொண்டன. ஓட்டையை அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுவது, அதைத் தவணை முறையில் காற்றில் விடுவதுதான். பைப்பைக் கழற்றும் முன் மிச்சமிருக்கும் கேஸை மெஷினில் இழுத்துச் சேமிப்பது எங்கள் தொழிலின் கடமை.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது "கேஸ் இல்லை" என்றால், "எங்கே கசியுது, காட்டுங்க" என்று கேளுங்கள். காட்டிய பிறகு கேஸ் போடச் சொல்லுங்கள்.