கை மாறும் நிலம்

நிலம் விற்கிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நானும் ஒரு தடவை நிலம் விற்றிருக்கிறேன் என்பதுதான் அதற்குக் காரணம். அந்தச் சமாசாரத்துக்குப் பின்னால் வருகிறேன்.

2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் நான் வேல்ஸ் தேசத்தில் இருந்தேன். என் பெண் அபரிஸ்ட்வித் என்னும் கடலோரப் பட்டணத்தில் டாக்டராக இருக்கிறாள். அதை இங்கிலாந்து என்று சொல்லிவிட்டால் அவ்வூர்க்காரர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தின் நியாயம் நமக்குத் தெரியாததல்ல. பேத்திக்குப் பதினொரு வயது, குதிரைப் பைத்தியம். எனக்கோ குதிரை என்றால் மாயவரம் ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்கா வண்டிக் குதிரையும், ஐயனார் கோயில் மண் குதிரையும்தான்.

ஒரு நாள் மாலை மாப்பிள்ளை கைப்பேசியை நீட்டி, "மாமா, இதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள்" என்றார். கடலை நோக்கிய பண்ணை வீடு விற்பனைக்கு. 12 ஏக்கர் புல் நிலம், ஐந்து குதிரைகளுக்கு லாயம், 20 மீட்டர் அகலமும் 40 மீட்டர் நீளமும் உள்ள மணல் பரப்பிய சவாரிக் களம், தீவனக் கொட்டகை, வற்றாத ஊற்று. தஞ்சாவூர்க் கணக்கில் இரண்டு வேலிக்குச் சற்றுக் குறைவு. விலையைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வாசகர்கள் அதை ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுக் கட்டுரையை மேலே படிக்க மாட்டார்கள்.

விளம்பரம் எழுதுகிறவர்கள் உலகம் முழுவதும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலும். 'பழைமை மாறாத வீடு' என்றால் கூரை ஒழுகும். 'இயற்கையான காற்றோட்டம்' என்றால் ஜன்னல் சாத்தாது. இப்படியெல்லாம் மாப்பிள்ளைக்கு எச்சரிக்கை செய்தேன். அவரும், "அதற்காகத்தான் மாமா, நீங்களும் வாருங்கள்" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். முதலில் தெற்கே பதினாறு மைலில் உள்ள அபரைரன் துறைமுகத்துக்குப் போய், அங்கே நிற்கும் 'காப்' குதிரைச் சிலையைத் தரிசித்தால்தான் ஆயிற்று என்று பேத்தி பிடிவாதம் செய்தாள். காப் என்பது வேல்ஸின் சொந்த ஜாதிக் குதிரை. ஏர் உழுததும் அதுதான். ஞாயிறு தோறும் குடும்பத்தை வண்டியில் வைத்து மாதா கோயிலுக்கு இழுத்துச் சென்றதும் அதுதான். சிலையைப் பார்த்துவிட்டு வந்த வழியே கொஞ்ச தூரம் திரும்பி, கடலை நோக்கி இறங்கும் சந்து ஒன்றில் நுழைந்தோம்.

சொந்தக்காரருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். மனைவி காலமாகி மூன்று வருஷமாயிற்று. பிள்ளைகள் லண்டனில். அவர் எங்களை வீட்டுக்குள் அழைக்கவில்லை; நேராக லாயத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். ஒவ்வோர் அறையும் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி. "இதற்குக் குறைந்தால் பெரிய குதிரை படுத்துப் புரண்டு எழுந்திருக்க முடியாது" என்றார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்து, "எத்தனை குதிரை வளர்க்க உத்தேசம்?" என்று கேட்டார்.

"நாலைந்து" என்றார் மாப்பிள்ளை.

"ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் வேண்டும். புல் அதிகமாக இருப்பதும் ஆபத்து. வசந்த காலத்தில் கொழுத்த புல்லைத் தின்றால் குளம்புக்குள் வீக்கம் கண்டு, நிற்க முடியாமல் போய்விடும்."

வாங்க வந்தவர்கள் நாங்கள். பரீட்சை வைத்தவர் அவர்! அத்துடன் விட்டாரா? வேலி ஓரத்தில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்த ஒரு செடியை வேரோடு பிடுங்கி மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார். 'ராக்வொர்ட்' என்று பெயராம். பச்சையாக இருக்கும்போது கசப்பினால் குதிரை பெரும்பாலும் தொடாது. உலர்ந்து வைக்கோலோடு கலந்துவிட்டால் கசப்புப் போய்விடும், விஷம் மட்டும் போகாது, ஈரலை அரித்துவிடும். "பூவைப் பார்க்கிறவர்கள் இந்த நிலம் அழகாயிருக்கிறது என்கிறார்கள்" என்றார் கிழவர்.

விளம்பரத்தில் வயல்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருந்தது. கிழவரோ ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர்கள் பாஷையில் வயலுக்குக் 'கை' என்று பெயர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'கை பாஹ்' என்றால் சின்ன வயல். 'கை ஃபன்னன்' ஊற்று வயல். 'கை பெல்லா' கடைசி வயல். எங்கள் ஊரிலும் பிள்ளையார் மா, களர்த் துண்டு என்றெல்லாம் வயல்களுக்குப் பெயர் உண்டு. கிரயப் பத்திரத்தில் சர்வே நம்பர்தான் இருக்கும். தமிழில் கை என்றால் என்ன என்று நான் அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். லாயத்தின் கோடி அறையிலிருந்து எட்டிப் பார்த்த கிழப் பெண் குதிரையைக் காட்டி, "இவள் பதினாலு கை உயரம்" என்றார். ஒரு கை என்பது நான்கு அங்குலம். அந்நாட்டில் குதிரையின் உயரத்தை இன்றைக்கும் கையால்தான் அளக்கிறார்கள்.

அந்தக் குதிரைக்கு இருபத்தேழு வயது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. பல் தேய்ந்து போனபடியால் தீவனத்தை ஊற வைத்துக் கொடுக்க வேண்டும். விளம்பரத்தில் அதைப் பற்றிப் பிரஸ்தாபமே இல்லை. பேத்தி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். இனிமேல் மாப்பிள்ளை பேரம் பேசி என்ன பிரயோஜனம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஊற்றில் தண்ணீர் மொண்டு எங்கள் எல்லோருக்கும் கொடுத்தார். கடலுக்கு அவ்வளவு அருகில் அது தித்தித்தது. குடித்த பிறகு, "கடைசி வயலையும் பார்த்துவிடுங்கள்" என்று சொல்லி நடந்தார்.

கடைசி வயலின் எல்லையில் வேலி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே செங்குத்தான களிமண் சரிவு. அதன் அடியில் அலை. பனி யுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிக்கொண்டு வந்து போட்ட மண் அது. கல்லைப் போல் எதிர்த்து நிற்காது. ஒவ்வொரு மாரிக்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். "என் தகப்பனார் காலத்தில் இதற்கு அப்பாலும் ஒரு வயல் இருந்தது. பத்திரத்தில் 12 ஏக்கர் என்று இருக்கிறது. அவ்வளவு இல்லை. விளம்பரத்தைத் திருத்தும்படி தரகரிடம் சொல்லியிருக்கிறேன். அளந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்" என்றார்.

அந்தக் கார்டிகன் விரிகுடாவுக்கு ஒரு பழங்கதை உண்டு. கடலுக்கடியில் ஒரு வளமான நாடு கிடக்கிறதாம். மதகுக் காவலன் குடிமயக்கத்தில் கதவை அடைக்க மறந்துவிட்டபடியால் ஓரிரவில் முழுகிப் போயிற்றாம். அதே கரையில், போர்த் என்ற ஊரில் நீர் வடியும்போது, 4500 ஆண்டுகளுக்கு முன் மடிந்த மரங்களின் அடிக்கட்டைகள் மணலில் தெரிவதை நானே கண்டேன். பூம்புகாருக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்குக் கடல் கொண்ட கதையைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் அந்தக் கணத்தில் எனக்குப் பூம்புகார் ஞாபகம் வரவில்லை. என் வீட்டுக் கிணறுதான் ஞாபகம் வந்தது.

1996-ஆம் வருஷம் தை மாதத்தில் எங்கள் பூர்வீக வீட்டையும் மூன்று ஏக்கர் நிலத்தையும் விற்றேன். கடலிலிருந்து ஒன்றரை மைல் தூரம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அந்தக் கிணற்று நீர் கற்கண்டு. சித்திரை பிறந்துவிட்டால் வாயில் வைக்க முடியாது, உப்பு. தென்னங்கன்றுகூட முகம் வாடும். வாங்கியவர் உள்நாட்டு ஊர்க்காரர். கல்யாணமாகிக் கைக்குழந்தையுடன் வந்திருந்த வாலிபர். வாளியில் இறைத்துக் குடித்துவிட்டு, "நல்ல தண்ணீர் ஐயா!" என்றார். தரகர் என் காதோடு, "கேட்டால் சொல்லுங்கள். கேட்காததைச் சொல்வானேன்?" என்றார். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. 2004 டிசம்பரில் ஆழிப் பேரலை வந்து கரையோர வயல்களில் உப்பைப் படிய வைத்துவிட்டுப் போனபோது அவரை நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி, போய்ப் பார்க்கவில்லை.

வேல்ஸ் கிழவர் கடைசியில் இரண்டு விஷயங்களைக் கேட்டார். கிழக் குதிரையை அதன் காலம் வரையில் அப்புறப்படுத்தக் கூடாது. வீட்டின் பெயரை மாற்றக் கூடாது. பெயரின் பொருள் 'குன்றின் தலை' என்பது. பெயரை நமது லிபியில் எழுத முடியாது. நாம் ழகரத்தைப் பற்றிப் பெருமைப்படுகிறோமல்லவா? அவர்களிடம் இரட்டை லகரம் ஒன்று இருக்கிறது. நாக்கை மேலண்ணத்தில் வைத்துப் பக்கவாட்டில் ஊத வேண்டும். 2021-ஆம் வருஷத்து ஜனக் கணக்குப்படி வேல்ஸில் அந்தப் பாஷை பேசுகிறவர்கள் நூற்றுக்கு 18 பேர்கூட இல்லை. அந்த ஜில்லாவில் மட்டும் நூற்றுக்கு 45. விடுமுறைக்கு வந்து தங்குவதற்காகக் கடலோர வீடுகளை வெளியூர்க்காரர்கள் வாங்கிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளுக்கு வரியை நான்கு மடங்கு வரையில் உயர்த்தலாம் என்று 2023 ஏப்ரல் முதல் அங்கே சட்டம் அமலுக்கு வந்தது. வாங்கினவுடன் முதற்காரியமாகப் பலகையைக் கழற்றி இங்கிலீஷில் 'கடற்காட்சி' என்று மாட்டுகிறவர்களும் உண்டாம். "சட்டப்படி உங்களை நான் கட்டுப்படுத்த முடியாது" என்று சொல்லிக் கையை நீட்டினார். மாப்பிள்ளை சற்றுத் தயங்கிவிட்டுத்தான் அந்தக் கையைப் பற்றினார். தயங்கியது எனக்குப் பிடித்திருந்தது.

நிலம் அளக்கப்பட்டது, பதினொன்றே கால் ஏக்கர். விலையும் குறைந்தது. நவம்பரில் பத்திரம் முடிந்தது. பேத்தி தினந்தோறும் காலையில் தீவனம் ஊற வைப்பதாக எழுதியிருந்தாள்.

மறு வருஷம் பொங்கலுக்குப் பிறகு, பஸ் ஏறி எங்கள் ஊருக்குப் போனேன். தோப்பில் பாதி சவுக்காக மாறியிருந்தது. அன்றைய வாலிபருக்குத் தலை நரைத்துவிட்டது. திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். நான் சுற்றி வளைக்காமல் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

"அது தெரியுமே ஐயா!" என்றார். "நிலம் வாங்குகிறவன் ஊருக்குள் விசாரிக்காமலா இருப்பான்? அந்த விலைக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போடுகிற வரையில், நீங்களாகச் சொல்லுவீர்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

எனக்குப் பேச வாய் எழவில்லை. அவரே எழுந்து போய்க் கிணற்றிலிருந்து இறைத்து, ஒரு செம்பு கொண்டு வந்து கொடுத்தார். தை மாதமல்லவா? தண்ணீர் தித்திப்பாகத்தான் இருந்தது.