கழுகுமலையில் ஒரு கடல் சந்தேகம்

கோவில்பட்டியிலிருந்து 20 கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சித்திரை மாசத்துக் கரிசல் காற்று, அடுப்புக்குள் முகத்தை நீட்டிய மாதிரி அடிக்கும்.

ஆனால் மலைமேல் ஏறி வெட்டுவான் கோயிலைப் பார்த்தால் அதெல்லாம் மறந்துபோகும். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. சுற்றிலும் சுமார் 25 அடிக்குப் பாறையை வெட்டியெடுத்து, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லை மேலிருந்து கீழாகச் செதுக்கியிருக்கிறார்கள். உச்சியில் பூதகணங்களுக்கு மூக்கும் முழியும் சிரிப்புமாக அத்தனை அழகு. கீழே வரவர வேலை முடியவில்லை. ஏன் பாதியில் விட்டார்கள் என்றால் அப்பன், மகன் சிற்பிச் சண்டை என்று ஊரில் கதை சொல்கிறார்கள். எனக்கென்னவோ சம்பள பாக்கி என்றுதான் தோன்றுகிறது.

பாறையில் நடந்து உள்ளங்கால் வெந்துபோய், அடிவாரத்துக் கழுகாசலமூர்த்தி கோயிலுக்குள் நுழைந்தேன். மலையைக் குடைந்த கருவறை. அப்பாடா! மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி, தூத்துக்குடியில் லாஞ்சில் வேலை பார்த்து ஓய்ந்தவர், பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி, நம்ம கடல்ல ஒரு கிலோமீட்டர் கீழ போனா தண்ணி ஜில்லுனு இருக்குமாமே, ஏன்? வெயில் படலைன்னு மட்டும் சொல்லிராதீங்க. இங்கயுந்தான் வெயில் படலை. ஐஸாவா இருக்கு?"

சரியான கேள்வி. வெயில் படாத குகை, அந்த ஊரின் வருஷ சராசரி வெப்பத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். நம் கடலின் மேல்தண்ணீர் 28 டிகிரி. ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் சுமார் 7. இருட்டு மட்டும் இதைச் செய்யாது.

"அந்தக் குளிர் வெளியூர்ச் சரக்கு அண்ணாச்சி" என்றேன்.

அண்டார்டிகா ஓரத்தில் குளிர்காலத்தில் கடல் உறையும்போது உப்பை வெளியே துப்பிவிடுகிறது. மிச்சத் தண்ணீர் கூடுதல் உப்போடும் குளிரோடும் கனத்துப்போய் மூழ்கி, கடலடியில் வடக்கே ஊர்கிறது. இந்துமாக் கடலுக்கு வடக்கே ஆசியா அடைத்து நிற்பதால், அடிமட்டத்துக் குளிருக்குத் தெற்கு ஒன்றே வழி. பயணம் சில நூறு வருஷம்; ஆயிரம்கூட ஆகலாம். மேலே வெயிலில் சுட்ட தண்ணீர் லேசானது. அது கீழே இறங்காமல் மூடி மாதிரி மிதக்கிறது.

"சரி, அப்புறம் ஏன் கட்டியாகலை?"

உப்புதான். கடல்நீர் உறைய மைனஸ் 2 டிகிரிக்குப் பக்கத்தில் போகவேண்டும். ஆழத்தின் அழுத்தம் அதை இன்னும் கீழே தள்ளிவிடும். அதோடு, ஐஸாக மாறினது அங்கேயே மேலே மிதந்துவிடுகிறது. உறையாமல் தப்பித்ததுதான் மூழ்கி நம்ம பக்கம் வருகிறது.

"இம்புட்டுக் குளிர்ச்சிய சும்மாவா விட்டு வச்சிருக்கோம்?"

விடவில்லை. சென்னையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தூத்துக்குடிக் கடலில் 'சாகர் சக்தி' என்ற மிதவையை வைத்து, மேல்சூட்டுக்கும் அடிக்குளிருக்கும் உள்ள வித்தியாசத்தில் 1 மெகாவாட் கரண்ட் எடுக்க முயன்றது. ஒரு கிலோமீட்டர் நீளக் குழாயை ஆழத்தில் இறக்க முடியவில்லை, 2003-லும் பலிக்கவில்லை. ஆனால் 2005-ல் லட்சத்தீவின் கவரத்தியில் ஜெயித்தார்கள். காற்றை உறிஞ்சிய தொட்டிக்குள் மேல்தண்ணீரை விட்டால், 28 டிகிரியிலேயே கொஞ்சம் ஆவியாகும். அந்த ஆவியை ஆழத்துக் குளிர்நீரால் குளிரவைத்தால் உப்பில்லாத குடிநீர். தினம் ஒரு லட்சம் லிட்டர்.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து பழகிய கரிசல்காட்டு ஆள் அல்லவா?

"அதை நம்ம பக்கம் போடவேண்டியதுதானே?"

"கவரத்தியில் கரையை விட்டால் உடனே பாதாளம். குழாய் சில நூறு மீட்டர் போதும். நம்ம மன்னார் வளைகுடாவில் அந்த ஆழத்துக்குப் பல கிலோமீட்டர் போகணும். குழாய்ச் செலவு தாங்காது."

"அப்ப நமக்குத் தண்ணி லாரிதான்னு சொல்லுங்க" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.