புரட்டாசியிலேயே வந்துவிடும் உளுந்து

கோபிநத்தத்தில் தீபாவளி ஐப்பசியில் வரும். தீபாவளிக்கான உளுந்து புரட்டாசியிலேயே வந்துவிடும். ஒரு மாதம் முன்னாடியே பண்டிகைச் சமையலுக்குச் சாமான் வாங்கி வைத்தது எங்கள் ஊர்ப் பெண்களின் கெட்டிக்காரத்தனம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளலாம். கெட்டிக்காரத்தனம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

ஊர் இருக்கும் இடத்தைச் சொன்னால் விளங்கும். மேட்டூரிலிருந்து கொளத்தூர், கோவிந்தப்பாடி, காரைக்காடு தாண்டினால் பாலாற்றுப் பாலம் வரும். வேலூர்ப் பாலாறு அல்ல. இது காவிரியில் போய்ச் சேரும் இன்னொரு பாலாறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் சேலம் மாவட்டம், அந்தப் பக்கம் கர்நாடகம். பாலம் தாண்டியதும் ஒரு சாலை மாதேஸ்வரன் மலைக்கு ஏறும். இன்னொன்று காட்டுக்குள் புகுந்து எங்கள் ஊருக்குப் போகும். 1956 நவம்பர் 1-ம் தேதி வரை கொள்ளேகால் தாலுகா சென்னை மாகாணத்துக் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது தாலுகா மைசூர் பக்கம் போனது, கூடவே நாங்களும் போனோம். 1997-ல் சாமராஜநகரைத் தனி மாவட்டமாக்கினார்கள். என்றாலும் பெரியவர்கள் வாயில் இன்றைக்கும் மைசூர் ஜில்லாதான்.

எல்லையைத் தள்ளிப் போட்டார்கள், சந்தையை யாரும் தள்ளிப் போடவில்லை. மனு கொடுக்க மேற்கே கொள்ளேகால். மளிகை வாங்கத் தெற்கே கொளத்தூர். எங்கள் வீட்டில் கடைச் சீட்டு எழுதுவது என் வேலை. நான் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். அதனால் உளுந்து, கடலைப்பருப்பு, வெல்லம், கசகசா எல்லாவற்றையும் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். கொளத்தூர்க் கடைக்காரருக்கு அது படிக்க வராது. அம்மாவுக்கு எந்த எழுத்தும் வராது. "நீங்க எடுங்கண்ணா, நான் சொல்லிக்கிட்டே வரேன்" என்று அம்மா மனசிலிருந்தே சொல்வாள். சீட்டு மடியிலேயே இருந்து திரும்பி வரும். அடுத்த வருஷமும் எழுதச் சொல்வாள்.

புரட்டாசிக்கு ஒரு கணக்கு உண்டு. மானாவாரி நிலக்கடலையை ஆடியை ஒட்டி விதைத்திருப்போம். புரட்டாசியில்தான் முதல் செடி பிடுங்குவோம். காய் ஆய்ந்து காயவைத்து, ஒரு பகுதியை விற்றால் கையில் காசு. ஒரு பகுதியைச் செக்குக்குக் கொடுத்தால் பலகாரம் சுட எண்ணெய். புளியும் ஓர் ஆட்டுக்குட்டியும் விலையானால் துணிமணி. காசு வந்த கையோடு சாமான் வாங்காவிட்டால் அந்தக் காசு வேறெதற்காவது போய்விடும். அம்மா இதை விளக்கிச் சொன்னதில்லை. கடலை விற்ற மறுவாரம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

வாங்குவதிலும் வரிசை இருந்தது. முதலில் உளுந்து. எங்களுக்கு மற்ற நாளெல்லாம் களிதான். இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அடுப்பில் ஏறுவது, அதற்கு நடுவில் யாராவது விருந்தாளி வந்தால் உண்டு. உளுந்து வீட்டுக்குள் வந்துவிட்டால் இட்லி வந்துவிட்ட மாதிரி. அடுத்து கடலைப்பருப்பு, மல்லி, மிளகாய், சீயக்காய். இவை கெடாது. அப்புறம் வெல்லமும் பச்சரிசியும். கச்சாயத்துக்கு மாவு இடித்துப் பாகு ஊற்றி, சில நாள் பானையில் வைத்தால்தான் பதம் வரும். அவசரத்துக்குச் செய்தால் எண்ணெயில் போட்டதும் பிரிந்துவிடும். ஆகவே வெல்லம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடியாவது வீட்டில் இருக்க வேண்டும். பட்டை, கிராம்பு, கசகசா மாதிரிக் கறிக்குழம்புச் சாமான்கள் கடைசியில், சின்னப் பொட்டலமாக. கறிக்கு வெளியே போக வேண்டியதில்லை. நாலைந்து வீடு சேர்ந்து ஓர் ஆட்டை அறுத்துக் கூறு போட்டுக்கொள்வோம்.

வாங்கிய சாமான் பரணுக்கு ஏறிவிடும். அங்கேதான் எங்களுக்குத் தீபாவளி தொடங்கும். பரண் மேலே வெல்லம் இருக்கிறது, நமக்குத் தெரியும், தொடக்கூடாது. "நோம்பிக்கு வெச்சது" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. எறும்பு வராமல் இருக்க வெல்லப் பானைக்கு அடியில் ஆயா சாம்பல் தூவி வைப்பாள். சாம்பலில் எங்கள் விரல் தடம் இருக்கிறதா என்று காலையில் பார்ப்பாள். எறும்புக்காகவா எங்களுக்காகவா என்று இன்றுவரை தெரியாது. ஒவ்வொரு சந்தைக்குப் பிறகும் பரணில் ஒரு பொட்டலம் கூடும். பண்டிகை நாளை நான் அவ்வளவாக நினைப்பதில்லை. பலகாரம் தின்றோம், வெடி வெடித்தோம், தூங்கினோம், முடிந்தது. அதற்கு முந்தைய ஒரு மாதம்தான் திரும்பத் திரும்ப மனசில் வருகிறது. வீட்டில் எல்லாம் இருந்தும் எதையும் தொடாமல் இருந்த மாதம் அது.

பிந்திப் போனால் என்ன ஆகும்? முதலாவது, பேருந்தில் ஏற முடியாது. தீபாவளிக்கு மாதேஸ்வரன் மலையில் பெரிய ஜாத்திரை. சேலம், ஈரோடு, தருமபுரியிலிருந்தும் மைசூர், மாண்டியா பக்கமிருந்தும் ஜனம் குவியும். நூற்றியொரு பெண்பிள்ளைகள் காட்டு ஓடையிலிருந்து தலையில் நீர்க்குடம் சுமந்து கோயிலுக்கு வருவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். மேட்டூரிலிருந்து வரும் வண்டி கொளத்தூருக்கு வரும்போதே படிக்கட்டில் ஆள் தொங்கும். உளுந்து மூட்டையோடு நிற்கிற பெண்பிள்ளைக்கு அதில் எங்கே இடம்? அடித்துப் பிடித்து ஏறினாலும், ஊர் வண்டி தவறிவிட்டால் பாலாற்றில் இறங்கிக் காத்துக் கிடக்க வேண்டும். இருட்டினால் யானை. 1987-ல் காவிரி வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்த காடு அது. அறிவிப்பதற்கு முன்னாலும் யானை அங்கேதான் இருந்தது.

இரண்டாவது, மழை. ஐப்பசியில் அடைத்துக்கொண்டால் ஓடைகள் சாலையில் ஏறும். மூன்றாவது, காவிரி. எங்கள் பண்டிகையும் காவிரித் தகராறும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் வரும். சம்பாவுக்குத் தண்ணீர் கேட்கிற மாதங்களும் தீபாவளிக்கு முந்திய மாதங்களும் ஒன்றுதானே. 2002, 2012, 2016 எல்லாம் அப்படி வந்த வருஷங்கள்தான். பதற்றம் ஏறினால் இரு மாநில வண்டிகளும் எல்லையில் நின்றுவிடும். பெங்களூரிலும் சென்னையிலும் அது பத்திரிகைச் செய்தி. எங்களுக்கு மிளகாயும் வெல்லமும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்றுபோகிற சங்கதி.

நான்காவதைச் சொல்லாமல் கோபிநத்தத்தைப் பற்றி எழுத முடியாது. ஊர்ப் பேரைச் சொன்னதுமே எதிரில் இருப்பவர் "வீரப்பன் ஊரா?" என்று கேட்டுவிடுவார். ஆமாம், அவர் பிறந்த ஊர்தான். பி. சீனிவாஸ் என்ற வனத்துறை அதிகாரி வந்து தங்கி, மாரியம்மனுக்குக் கோயில் கட்டித் தந்த ஊரும் அதுதான். 1991 நவம்பர் 10-ம் தேதி வீரப்பன் அவரைக் கொன்றபோது தீபாவளி கழிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வீடுகளில் முறுக்கு மிச்சம் இருந்தது. அந்தக் கோயிலில் சீனிவாஸின் படமும் இருக்கிறது. ஊரை ஒரே ஓர் ஆளின் பேரோடு சேர்க்கிறவர்கள் இதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது.

1993 ஏப்ரலில் பாலாற்றுக்குப் பக்கத்தில் கண்ணிவெடி வெடித்து 22 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு மளிகை வாங்குவதே வேறு மாதிரி ஆகிவிட்டது. சாவடியில் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். இவ்வளவு அரிசி யாருக்கு, வீட்டில் எத்தனை பேர், காட்டுக்குள் யாருக்குக் கொண்டுபோகிறாய்? தீபாவளிக்கு என்று சொன்னால், தீபாவளிக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே என்பார்கள். முன்கூட்டி வாங்குவதுதான் எங்கள் வழக்கம் என்பதை யாரிடம் விளக்க முடியும்? அந்த ஆண்டுகளில் இந்த மலைக்கிராமங்கள் பட்ட பாட்டையெல்லாம் நீதிபதி சதாசிவா குழு கேட்டுப் பதிவு செய்திருக்கிறது. நான் சொல்வது அதில் ஏறாத மளிகைக் கணக்கு.

அம்மா அதற்கும் வழி கண்டுபிடித்தாள். புரட்டாசி ஆவணியாயிற்று. ஒரு தடவைக்கு அரைக் கிலோ உளுந்து, அதற்கு மேல் வாங்குவதில்லை. அடுத்த வாரம் சின்னம்மா போனால் கால் கிலோ கடலைப்பருப்பு. பக்கத்து வீட்டு அத்தை மேட்டூர் ஆஸ்பத்திரிக்குப் போனால், திரும்பும்போது இரண்டு உருண்டை வெல்லம். மூன்று கிலோவுக்குக் கேள்வி உண்டு, அரைக் கிலோவுக்கு இல்லை. பரணில் எங்கள் வீட்டு உளுந்தோடு இன்னும் இரண்டு வீட்டு உளுந்தும் கலந்து கிடக்கும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பங்கு பிரித்துக்கொள்வார்கள். அந்தத் தீபாவளிகளிலும் இட்லி இருந்தது. அந்தக் காலத்துக்காக நான் ஏங்கவில்லை. அந்த இட்லியை மறக்கவும் முடியவில்லை.

கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தபின் ஊர்த் தீபாவளி கைவிட்டுப் போனது. 2000-ல் நடிகர் ராஜ்குமார் வீரப்பனிடம் காட்டில் சிறையிருந்த 108 நாட்களுக்குள் தீபாவளியும் வந்துபோனது. அந்த வருஷம் எல்லையைத் தாண்டுவதை நினைத்தும் பார்க்கவில்லை. 2004 அக்டோபர் 18-ம் தேதி பாப்பாரப்பட்டியில் வீரப்பன் கதை முடிந்து, அடுத்த மாதம் வந்த தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அம்மா ஒரே தடவையில் மூன்று கிலோ உளுந்து வாங்கியிருந்தாள். ஒரே பையில் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் அந்தப் பையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

திருப்பூரில் தீபாவளிச் செலவு போனஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பனியன் கம்பெனிகளில் போனஸ் கைக்கு வருவது தீபாவளியை ஒட்டித்தான். அதுவரை ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்து, பிறகு ஒரே ராத்திரியில் கடைவீதியில் இறங்கும். இங்கே சாமானுக்குப் பஞ்சமில்லை. இட்லி மாவே பாக்கெட்டில் கிடைக்கிறது. கச்சாயம் வேண்டுமென்றால் கடையில் எடை போட்டுத் தருகிறார்கள். ஆனால் முன்கூட்டி வாங்கக் கையில் காசு இருக்காது. கடலை விற்ற காசு முந்தி வந்தது, சம்பளக்காரர்களின் பண்டிகைக் காசு பிந்தி வருகிறது. வசதி கூடியும் அந்த ஒரு மாதம் எங்களுக்கு இல்லாமல் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன். சோம்பேறித்தனம் என்று இளசுகளைத் திட்டுகிறவர்கள் சம்பளத் தேதியைப் பார்க்கட்டும்.

அதனால்தான் தீபாவளிச் சீட்டு இத்தனை பிரபலம் என்றும் தோன்றுகிறது. வருஷம் முழுக்க வாரம் இவ்வளவு என்று கட்டினால், பண்டிகைக்கு முன்னால் எண்ணெய், பருப்பு, மைதா, சர்க்கரை, இனிப்பு, ஒரு பாத்திரம் என்று ஒரு மூட்டை வரும். கறிச்சீட்டு தனியாக உண்டு. நானும் கட்டுகிறேன். மூட்டை வந்ததும் பிரித்து அடுக்குவேன். என் மகன் அன்றைக்கே சர்க்கரை டப்பாவைத் திறப்பான். "நோம்பிக்கு வெச்சதுடா" என்றால், "கடை பக்கத்துலதானேம்மா இருக்கு" என்கிறான். பதில் சொல்ல ஒன்றுமில்லை, கடை பக்கத்தில்தான் இருக்கிறது.

ஊரிலும் இப்போது மாறிவிட்டது. பெட்டிக்கடைகளில் உளுந்து கிடைக்கிறது. பொடிப்பொடியாகச் சாமானை இரு சக்கர வண்டியில் கொண்டுவந்துவிடுகிறார்கள். காட்டிலாகா விடுதிக்குச் சுற்றுலாக்காரர்கள் வருகிறார்கள். ஆனாலும் பண்டிகை மளிகைக்கு அம்மா இன்னும் கொளத்தூருக்குத்தான் போகிறாள், அதுவும் புரட்டாசியில்தான். இப்போது பரணில் ஏற முடியாததால் சாமான் அலமாரியில் இருக்கிறது. அடியில் சாம்பல் தூவ ஆயா இல்லை. போன வருஷம் போனில் கேட்டேன்: "எல்லாம் கிடைக்குதே, இன்னும் எதுக்கும்மா இவ்வளவு முந்தி?" "மழை கிடைக்காமயா இருக்கு? காவேரி கிடைக்காமயா இருக்கு?" என்றாள்.

இந்த வருஷமும் தீபாவளிக்கு மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் இருப்பீர்கள். மேட்டூரில் வண்டி ஏறினால் கொளத்தூர் வரும்போது கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள். பையோடும் மூட்டையோடும் ஏறுகிறவர்கள் பாலாற்றில் இறங்கிவிடுவார்கள். உங்களுக்கு மலைக்கு அடுத்தடுத்து வண்டி உண்டு, அவர்களுக்குக் கிடையாது.