காசுமாலை தப்பிய கதை

அன்புள்ள கல்யாணி,

பதில் தாமதம் என்று கோபிக்காதே. எல்லாம் மாமா வீட்டு அமளி. போன பங்குனியில் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்ததே, அதற்கு ஸ்டெம் செல் ஊசியாம். நாலு லட்சம்! யாரிடமும் மூச்சு விடாதே, அத்தை காசுமாலையை எடுத்து எடைகூடப் போட்டுவிட்டாள்.

கிளப்பியது வேறு யார், மூத்த மாப்பிள்ளைதான். "நம்ம எலும்பு மஜ்ஜையை எடுத்து நமக்கே போடறாங்க, இதுல என்ன கெடுதல்?" என்று ஒரே பேச்சு. சின்னவள் பிசியோதெரபி படித்தவளாயிற்றே, விடுவாளா? "அத்தான், அதை நம்ம நாட்டுலயே அஞ்சு ஆஸ்பத்திரியில 120 பேரை வெச்சுப் பார்த்தாச்சு. பாதிப் பேருக்கு மஜ்ஜை செல், மீதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். ஆறு மாசம் கழிச்சு ரெண்டு தரப்புக்கும் வித்தியாசமே இல்ல. 2014லயே வந்த சேதி" என்றாள்.

மாப்பிள்ளை உடனே அமெரிக்காவுக்குத் தாவினார். ஸ்டான்ஃபோர்டில் மண்டையில் துளை போட்டு 18 பேருக்குச் செல் வைத்ததும், சிலருக்குக் கை கால் தெளிந்ததும் நிஜம்தானாம். 2016ல் பேப்பரெல்லாம் அதே பேச்சு. ஆனால் அடுத்த பெரிய பரிசோதனையில் சிலருக்குச் செல் வைக்காமல் பேருக்கு மண்டையை மட்டும் லேசாகத் துளைத்தார்கள். 2019ல் முடிவு வந்தபோது, செல்லால்தான் குணம் என்று காட்ட முடியவில்லை. பாவம், அந்த மண்டைகள்!

இன்னொன்று கேள். பக்கவாதம் வந்த ஒரு அமெரிக்கர் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று அலைந்து செல் ஏற்றிக்கொண்டார். கடைசியில் முதுகுத்தண்டில் கட்டி. எடுத்துப் பார்த்தால் அது அவர் செல்லே இல்லை, வேறு யாருடையதோ! எனக்குச் சிலிர்த்துவிட்டது.

மாப்பிள்ளை வாயை அடைத்தது இது எதுவுமில்லை. ரத்த நோய்கள் சிலவற்றைத் தவிர மற்றதற்கெல்லாம் ஸ்டெம் செல் வைத்தியம் இன்னும் பரிசோதனைதான் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 விதிகளில் இருக்கிறதாம். அத்தை குறுக்கே புகுந்து, "பரிசோதனைன்னா அவங்கல்ல நமக்குத் தரணும்? நாம எதுக்கு நாலு லட்சம் அழணும்?" என்றாள். காசுமாலை பீரோவுக்குத் திரும்பியது.

மாமா இப்போது தினம் காலையில் முறத்தில் கலந்து வைத்த உளுந்தையும் மொச்சையையும் வலது கையால் பிரிக்கிறார். சின்னவளின் ஏற்பாடு. கட்டைவிரல் நடுங்கி நடுங்கி ஒரு மொச்சையைக் கவ்வும், பாதி வழியில் நழுவும், ஒரு கெட்ட வார்த்தை வரும். நேற்று பதினொரு மொச்சை என்று அத்தை எண்ணிச் சொன்னாள். ஒன்றிரண்டு அவளே போட்டிருப்பாள்.

உன்
சாரதா